சத்துவாச்சாரி மாடியில் வெள்ளரி

சித்திரை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அந்த வீட்டுக்குக் காலை ஆறரை மணிக்கே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். "எட்டு மணிக்கு மேல வந்தா பூவையும் பார்க்க முடியாது, மாடியில நிக்கவும் முடியாது தம்பி" என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார். அவர் சொன்னது சரிதான். ஏழரைக்கே வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது.

வேலூரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் ஊர்மேல் இறக்கிவைக்கும் குன்றுகள். பாலாற்றிலோ பெரும்பாலும் மணல்தான். வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் இங்கே யாரும் அதைச் செய்தியாகப் பேசுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீராலேயே ஆன ஒரு காயை, தரையோடு தொடர்பே இல்லாத பைகளில் விளைவிக்கிறார்கள் இரண்டு பெண்கள். ஒருவர் வீட்டுக்கார அம்மா. மற்றவர் அவருக்கு உதவியாக வரும் அக்கா. இந்த அக்கா குடியாத்தம் பக்கம் பிறந்தவர், இருபது வருடம் பீடி சுற்றியவர்.

நான் மேலே ஏறியபோது அக்கா ஏற்கெனவே வேலையில் இருந்தார். ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடித்து, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தொட்டுத் தடவினார். அடுத்த பூவுக்கு நகர்ந்தார். ஒரு பூவுக்கு இரண்டு மூன்று விநாடிகூட ஆகவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகிய விரல்கள் அவை. இலை கிழியாமல் தூள் சிந்தாமல் சுற்றிய பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது.

பெண் பூவை அடையாளம் காண்பது எளிது. பூவுக்குப் பின்னால் நெல்லிக்காயை விடச் சிறியதாக, சுணை மூடிய குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். நாட்டு வெள்ளரியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்களே. ஒன்றிரண்டு வாரம் கழித்தே பெண் பூ தலைகாட்டும். இது தெரியாமல் "பூத்துப் பூத்துக் கொட்டுது, செடி மலடு" என்று பிடுங்கிப் போட்டவர்கள் பலரைத் தெரியும் என்றார் அம்மா. பெண் பூவின் ஆயுள் ஒரே நாள். அந்த ஒரு காலைக்குள் மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் பருத்து, நுனி சூம்பி வளையும். வெயில் ஏறினால் மகரந்தமும் கெட்டுவிடும். கான்கிரீட் மாடிக்குத் தேனீ வருவதும் அரிது. அக்காவுக்கு ஆறரை மணிக்கு வேலை தொடங்குவது அதனால்தான்.

இருபத்திரண்டு பைகளில் பதினான்கு, தை மாதத் தொடக்கத்தில் விதை ஊன்றியவை. அவை காய்த்து ஓயும் நிலையில் இருந்தன. மற்ற எட்டும் மாசித் தொடக்கத்தில் ஊன்றியவை. இரண்டுக்கும் விதை ஒன்று, உரம் ஒன்று, தண்ணீரும் ஒன்றே. ஆனால் பின்னதில் கொடி முழுக்க ஆண் பூக்கள், பிஞ்சு ஒன்றிரண்டுதான். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் வெள்ளரி ஆண் பூக்களையே அதிகம் விடும். உரக் கரைசல் எதை ஊற்றினாலும் இது மாறாது. ஒரு மாதத் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு அந்த எட்டுப் பைகளை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த அம்மா தொடங்கியது, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பிலிருந்து. முதல் வருடம் செடிகள் மதியத்தில் துவண்டன. மாலையில் எழுந்தன. பத்து நாளில் எழாமலே போயின. சத்துக் குறைவு என்று ஒரு கடையில் சொல்ல, மட்காத எருவை அள்ளிப் போட்டிருக்கிறார். மிச்சமிருந்த வேரும் கருகியது. கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியவந்தது, காய்ந்த பையைக் கவிழ்த்தபோதுதான். மேற்குப் பக்கம், வெயில் நேரே அடித்த பக்கத்தில், வேரே இல்லை. பையின் சுவரை ஒட்டி வளர்ந்த வேர் முழுவதும் வெந்திருந்தது.

தரையில் நட்ட செடியின் வேர் சூடு தாங்காமல் கீழே இறங்கிக்கொள்ளும். பையில் இருப்பதற்கு அந்த வழி இல்லை. பக்கவாட்டில் வெயில், அடியில் கொதிக்கும் தளம். வெள்ளரிக்கோ வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே பரவும். ஆகவே இந்தத் தொழிலில் பாதி வேலை வேரைக் குளிர்ச்சியாக வைப்பதுதான் என்பது அந்த அம்மாவின் முடிவு. மாடியைப் பார்த்தபின் என் முடிவும் அதுதான்.

அவர் செய்திருப்பவை எல்லாம் கைக்கெட்டும் பொருள்களால் ஆனவை. ஒவ்வொரு பையும் செங்கல் மேல் நிற்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. பைகளைச் சுற்றிப் பழைய வெள்ளை வேட்டித் துணி. மண்மேல் நாலு விரல்கடை உயரத்துக்குத் தேங்காய் மட்டையும் சருகும் மூடாக்கு. பந்தலுக்கு மேலே, மேற்கே சற்றுத் தாழ இறங்குமாறு பச்சை நிழல்வலை. கொடியின் இலைகளே அடுத்த வரிசைப் பைகளுக்கு நிழல் தரும்படி பந்தல் கட்டியிருக்கிறார் அக்கா. துணி சுற்றாமல் ஓரமாகக் கிடந்த ஒரு கறுப்புப் பையின் மண்ணில் விரல் விட்டேன், உடனே எடுத்துவிட்டேன். பக்கத்தில் சுற்றிய பையில் விரல் விட்டால் ஈரச் சாக்கைத் தொட்டதுபோல் இருந்தது.

பை சிறியதாக இருந்தால் இவ்வளவும் வீண். கொடி ஒன்றுக்குப் பதினைந்து அங்குலப் பை வேண்டும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு, இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்கிறார்கள். நனைந்த பை இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அதனால் மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர்களும் உத்திரமும் தாங்கும் ஓரங்களில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கலவையை இரண்டு மாடி ஏற்றியது அக்காவின் தலைதான்.

இப்போது அக்கா பக்கத்துத் தெருக்களிலும் பை நிரப்பிப் பந்தல் கட்டித் தருகிறார். "செடி வைக்கத்தானேம்மா, அதுக்கு எதுக்குக் கூலின்னு கேக்கறாங்க" என்று சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. பையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அதைத் தூக்கும் முதுகுக்குக் கணக்குப் பார்ப்பது நியாயமே இல்லை.

தண்ணீரைப் பற்றி அம்மாவுக்கு ஒரே விதிதான்: அளவை விட நேரம் முக்கியம். காலையில் பைக்கு இரண்டு லிட்டர், வெயில் தாழ்ந்தபின் ஒரு லிட்டர், நாள் தவறாமல். வெள்ளரிக்குக் கசப்பு பரம்பரைச் சொத்து. இமயமலை அடிவாரத்தில் வளரும் அதன் காட்டு உறவின் காய் கடும் கசப்பு. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம்போல் ஊற்றினால் செடி தவித்து, அந்தக் கசப்பைக் காயிலும் ஏற்றிவிடும். கசப்பு அதிகம் தங்குவது காம்புப் பக்கத்திலும் தோலிலும். காம்பை வெட்டி நுரை வரத் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்தில் உண்மையில் உதவுவது அந்த வெட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

பூச்சிக்கு மஞ்சள் ஒட்டு அட்டை, மாலையில் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல். சிவப்பு வண்டு விடியலில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுகிறார்கள். சாம்பல் நோய்க்கு யாராவது கந்தகத் தூள் தூவச் சொன்னால் கேட்க வேண்டாம். வெள்ளரி இலை அதில் கருகிவிடும்.

எட்டு மணிக்குள் பறித்து முடித்தார்கள். பதினொரு காய்கள், மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். இலை மறைவில் தப்பி மஞ்சளாகிப் பழுத்த ஒன்றைக் கண்டதும் அம்மா முகம் மாறியது. ஒரு காய் முற்றினாலே கொடி புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தினமும் பறிக்க முடியாதவர்கள் வெள்ளரி போடவே வேண்டாம் என்கிறார்.

காய்களைக் கூடையில் அடுக்கிவிட்டு, அந்த எட்டுப் பைகளின் கொடிகளை அக்கா அறுக்கத் தொடங்கினார். கத்திரி வெயில் முடியும்வரை பைகள் மூடாக்கோடு ஓய்வெடுக்கும். இதைப் படித்துவிட்டு இன்றே விதை வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோடையில் ஊன்றாதீர்கள். பையையும் நிழலையும் முதலில் தயார் செய்யுங்கள். ஆடி வரட்டும், விதை காத்திருக்கும்.