மீனும் ஸ்வெட்டரும்

திருப்பூரில் கலர் மீன் கடைக்குப் போய் ஒரு ஜோடி தங்கமீன் வாங்கினால் கடைக்காரர் மறக்காமல் சொல்லி அனுப்புவார்: "கவரோட அப்படியே தொட்டியில மிதக்க விடுங்க, கால் மணி நேரம் கழிச்சு அவுத்து விடுங்க." வீட்டில் குட்டிப் பையன் பொறுப்பானா? உடனே கவிழ்த்துவிடுவான். மறுநாள் மீன் மல்லாந்து கிடந்தால் "ராசியில்லாத மீன்" என்று பழி வேறு!

மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு உடம்புச் சூடு என்று தனியாகக் கிடையாது. தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் தசை மந்தமாகும், நீச்சல் வேகமும் குறையும்.

இதே தங்கமீனை வெவ்வேறு சூட்டில் பழக்கி, சுழலும் தொட்டியில் நீந்தவிட்டு அளந்து, 1948-ல் முடிவை வெளியிட்டார்கள் கனடாவின் ஃபிரை, ஹார்ட் என்ற இருவர். எந்தச் சூட்டில் பழகியதோ, அதை ஒட்டிய சூட்டில்தான் மீன் நன்றாக நீந்தியது.

அப்படியானால் கடைக்காரர் சொன்ன கால் மணி நேரம்? அது அதிர்ச்சியைத் தவிர்க்க மட்டும்தான். நிஜமாகப் பழகச் சில வாரங்கள் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் விட்ட சாதா கெண்டையின் தசைப் புரதமே மாறுகிறது, ஆக்ஸிஜனை வைத்து இயங்கும் சிவப்புத் தசையும் கூடுகிறது. அதனால் குளிரில் முன்பைவிட வேகமாக நீந்தும். ஆனால் வெந்நீர்ப் பக்கம் திரும்பினால் பழைய வேகம் வராது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மீன் தனக்கே ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொள்கிறது, வெயில் வந்ததும் அதை அன்றைக்கே கழற்ற முடியாது :-)

இந்தச் சாதா கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த மீன். இன்று அதே இனம் ஊட்டிக் குளிரிலும் இருக்கிறது, கீழே சமவெளிக் குளங்களிலும் வளர்கிறது. மெதுவாகப் பழக நேரம் கிடைத்தால் இவ்வளவு தூரம் வரும்.

சூடு கூடுவதில் இன்னொரு சிக்கல், நம்ம டிமாண்ட் - சப்ளை கதைதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் தேவையோ அப்போதுதான் ஏறும்.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நொய்யல் கெட்டுப்போயிருந்தது. பேச்செல்லாம் பெரும்பாலும் உப்பும் நிறமும் பற்றித்தான். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவது பல நேரம் 60 டிகிரி வாக்கில். அந்தத் தண்ணீரை ஆறவிடாமல் ஓடையில் திறந்துவிட்டால், அங்கிருக்கும் மீனுக்குச் சில வாரம் வேண்டாம், அந்தக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது.