அச்சுவேலி அம்மம்மாக்கள்

கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து பஸ் அச்சுவேலிச் சந்தியில் நிற்கும். இறங்கியதும் வெங்காய மணம். இரு புறமும் செம்மண் தோட்டங்கள், இடையிடையே பனைவடலிகள். வடக்கே கடலோரத்தில் வளலாய். 1990இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுக்கு 2015 மார்ச்சில்தான் காணிகளில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அச்சுவேலியாரும் 1995 ஒக்ரோபரில் மூட்டை முடிச்சுகளுடன் தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்கள்தான். இங்கே எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் ஓர் இடப்பெயர்வுக் கதை இருக்கும்.

சிறு பிள்ளைகளை வளர்ப்போருக்கான வகுப்பு நடத்தவே நான் அங்கு போனேன். பையில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கைநூல். சமூகவியல் படித்தவள் என்ற துணிவும் கொஞ்சம் இருந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்கு வந்தவர்கள் நான்கு பேர். வெங்காயம் கிண்டும் காலத்தில் காலை வகுப்பு வைத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த முறை மாலை நான்கு மணிக்குச் சனசமூக நிலைய விறாந்தையில் கூடினோம். விறாந்தை நிரம்பியது. வந்தவர்களில் பாதிப்பேர் அம்மம்மா, அப்பம்மாமார். அழைப்பிலோ "தாய்மாருக்கான வகுப்பு" என்று எழுதியிருந்தோம்!

கைநூலின் முதற்பாடம், பிள்ளையை வாயாரப் பாராட்டுங்கள் என்பது. ஒரு மூதாட்டி சிரித்துவிட்டார். "பிள்ளை, முகத்துக்கு முன்னால புகழ்ந்தா நாவூறு பட்டிடும். நாங்கள் கறுப்புப் பொட்டு வைக்கிறது ஏன் எண்டு நினைக்கிறீர்?" இதை மூடநம்பிக்கை என்று தள்ளியிருந்தால் வகுப்பு அன்றைக்கே முடிந்திருக்கும். நாவூறு படாமல் பிள்ளைக்கு மகிழ்ச்சி எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டேன். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளை செய்த வேலையைச் சொல்லலாம்: "செம்பை நீயோ கழுவினனீ?" என்று கேட்டாலே முகம் மலரும். தலையைத் தடவலாம். பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய நாளில் புத்தகம், பேனை, நகை எல்லாவற்றிலும் எதை எடுத்தது என்று அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். கைநூல் கேட்டதும் இவற்றைத்தானே.

நாள்தோறும் 20 நிமிடம் பிள்ளையோடு விளையாடுங்கள் என்ற பாடத்துக்கும் சிரிப்புத்தான். ஆனால் வெங்காயம் பிடி கட்டும்போது பேரனை எண்ணச் சொல்வதையும், கிணற்றடியில் தோய வார்க்கும்போது நடக்கும் பேச்சையும் கூட்டிப் பார்த்தால் 20 நிமிடத்தைத் தாண்டிவிடும். நிறையைப் பதிய கிளினிக் கொப்பியில் இடமிருக்கிறது, இந்தப் பேச்சைப் பதிய எந்தக் கொப்பியிலும் இடமில்லை. வடக்கு கிழக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட பிள்ளைகளில், பெற்றோரின் அன்பை நன்கு உணர்ந்தவர்களை உள்மனத் துயரம் அவ்வளவாகப் பற்றவில்லை என்று காட்டியது. ஆகவே இந்தக் கிணற்றடிப் பேச்சு சிறு விடயமல்ல.

அடிப்பது பற்றிப் பேசியபோது இணக்கம் வரவில்லை. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று 2016இல் சுற்றறிக்கை வந்ததைச் சொன்னேன். "அது பள்ளிக்கூடத்துக்கு" என்றார்கள். அந்தப் பாடம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பிறகு அந்தப் பக்கம் வந்தது: "அப்பா பிள்ளையுடன் விளையாடும் வழிகள்." படத்தில் சாப்பாட்டு மேசை, காற்சட்டை போட்ட அப்பா. விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. ஓர் அம்மம்மா மெல்லத் தொடங்கினார். அவருடைய கணவர் 1996இல் காணாமலாக்கப்பட்டவர். அப்போது மகள் கைக்குழந்தை. "அப்பா வெளிநாட்டில எண்டு சொல்லி வளர்த்தன். பன்னிரண்டு வயதில பள்ளிக்கூடத்தில ஆரோ சொல்லிப்போட்டினம். மூண்டு மாதம் என்னோட கதைக்கேல்லை." இப்போது அந்த மகள் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான்கு வயதுப் பேத்தி அம்மம்மாவிடம். இம்முறை அவர் பொய் சொல்வதில்லை. "அம்மா தைக்கப் போயிருக்கிறா, இந்த நாளில வருவா எண்டு கலண்டரில வட்டம் போட்டு வைச்சிருக்கிறன். பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை வெட்டும்."

கைநூலின் அந்தப் பக்கத்தை நாங்கள் எடுத்துவிட்டு, அவருடைய கலண்டரை வரைந்து சேர்த்தோம். "வீட்டில் இல்லாதவரைப் பற்றிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லலாம்" என்பது இப்போது அதன் தலைப்பு.

புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். அம்மப்பாவுக்கும் வட்டம் போடச் சொல்லிப் பேத்தி கேட்கிறாளாம். "படத்துக்கு மாலை போடுங்கோ எண்டு ஆக்கள் சொல்லுகினம். நான் போடேல்லை. தேடிக்கொண்டிருக்கிறம் எண்டு பிள்ளைக்குச் சொல்லுறன். அது சரிதானே, பிள்ளை?"

சரி அம்மா என்றேன். பஸ் வந்துவிட்டது.