நான்காவது ஆள் இணைந்தபோது

2010ஆம் ஆண்டு எங்கள் அம்மா காலமானார். கிரியைகள் வெள்ளவத்தை வீட்டிலேயே நடைபெற்றன. பிள்ளைகள் ஐவரில் இலங்கையில் எஞ்சியிருந்தவன் நான் மட்டுமே. பெரியண்ணா இலண்டனில், அக்கா பரிஸில், சின்னண்ணா ஒஸ்லோவில், தங்கை ரொறன்ரோவில். விசா, வழக்கு, வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தடை. "இன்ரநெற்றிலையாவது காட்டடா" என்று அக்கா தொலைபேசியில் அழுதார்.

அயல்வீட்டு இளைஞர் ஒருவர் கணினியில் வல்லவர். என் பழைய மடிக்கணினியில் வீஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவி, சிறிய கமராவொன்றையும் பொருத்தி, விறாந்தையில் நடப்பவற்றை வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க வழி செய்தார். பெரியண்ணா, அக்கா, தங்கை மூவருக்கும் படம் தெரிந்தது. சுண்ணம் இடிக்கத் தொடங்கும் வேளையில் சின்னண்ணாவும் இணைந்தார். அடுத்த கணமே நால்வரின் திரைகளிலும் படம் உறைந்துபோயிற்று.

கணக்கு மிக எளிது. எங்கள் ஏடிஎஸ்எல் இணைப்பில் வீட்டிலிருந்து வெளியே செல்லும் பாதையின் கொள்ளளவு விநாடிக்கு 512 கிலோபிற். படத்துக்குத் தேவை 150. மூவருக்கு 450, நால்வருக்கு 600. நான்காமவர் வந்ததும் அவருக்கு மட்டும் இடமில்லாமற் போகவில்லை. எல்லோருக்குமே இல்லாமற் போயிற்று.

பெரியண்ணா உடனே தொலைபேசியில் அழைத்தார். "நான் மூடுறன். சின்னவன் பார்க்கட்டும்." வேறொன்றும் சொல்லவில்லை. வாய்க்கரிசி இட்டதையும் அம்மாவைத் தூக்கியதையும் மூத்த மகன் காணவில்லை.

ஒரே படம், ஒரே நேரம். அப்படியிருக்க எதற்காக நான்கு பிரதிகள்? பத்திரிகைக்காரனுக்கு இக்கேள்வி எழாமல் இராது. தொண்ணூறுகளில் நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் மலையகப் பதிப்பு பதுளை இரவுத் தபால் புகையிரதத்தில் ஏறும். ஹற்றன் வாசகர் ஒவ்வொருவருக்கும் கொழும்பிலிருந்து தனித்தனி ஆள் பத்திரிகை கொண்டு போவதில்லை. புகையிரதம் ஒன்றே; ஹற்றனில் ஒரு கட்டு இறங்கும், நானுஓயாவில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று. கட்டைப் பிரிப்பது அந்தந்த ஊர் முகவரின் வேலை.

இணையத்துக்கும் இத்தகையதோர் ஏற்பாட்டை ஸ்ரீவ் டியரிங் என்பவர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வகுத்தார். 1989இல் அது நெறிமுறை ஆவணமாகவும் வெளிவந்தது. மல்ரிகாஸ்ற் என்பது அதன் பெயர். அனுப்புபவர் ஒரு பிரதியை மட்டும் விடுவார்; பாதை பிரியும் சந்தியில் உள்ள ரவுற்றர் அதைப் படியெடுத்துக் கொடுக்கும். அன்றைய ரவுற்றர்கள் பலவற்றுக்கு இந்த வித்தை தெரியாதபடியால், தெரிந்த இடங்களைச் சுரங்கப்பாதைபோல் இணைத்து 1992இல் 'எம்போன்' என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள். 1994 நவம்பரில் டலஸ் நகரில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழு நடத்திய இசை நிகழ்ச்சியின் ஒரு பகுதி அதன் வழியே பரப்பப்பட்டது.

ஆனால் பொது இணையத்தில் அது வேரூன்றவில்லை. எந்தக் கட்டு எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை வழியிலுள்ள ஒவ்வொரு ரவுற்றரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இடையில் பல நிறுவனங்களின் வலையமைப்புகள். ஒருவர் படியெடுப்பதற்கு மற்றவர் ஏன் கூலி கொடுப்பார்? எவரும் எந்தக் குழுவுக்கும் எதையும் அனுப்பலாம் என்ற அச்சம் வேறு. ஆகவே வாசலை மூடிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தொலைபேசி நிறுவனங்கள் தாம் விற்கும் இணையத் தொலைக்காட்சிக்குத் தமது வலையமைப்பினுள் இதே மல்ரிகாஸ்றைத்தான் பயன்படுத்துகின்றன. கம்பி ஒன்றே. அவர்களின் அலைவரிசைக்குத் தபால் புகையிரதம்; எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு ஆளுக்கொரு மாட்டுவண்டி.

மல்ரிகாஸ்ற் இல்லாத வலையமைப்பில் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்ல வேறு உபாயங்கள் கண்டார்கள். சீனாவின் பிபிலைவ் போன்றவை பார்ப்பவரையே பகிர்பவராக்கின. ஒருவர் வாசித்த பத்திரிகை வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போவதுபோல. வெளியேறும் பாதை குறுகலான வீடுகளில் அதற்கும் எல்லையுண்டு. நிலைத்தது மற்றொரு வழி: படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கிச் சாதாரண இணையப் பக்கம்போல் ஆக்கி, பார்ப்பவருக்கு அருகிலுள்ள சேமிப்பகங்களில் வைத்து வழங்குவது. ஊருக்கு ஊர் அச்சகம் வைப்பதற்கு ஒப்பானது இது. செலவு பெரிது. துண்டுகள் சேரும்வரை காத்திருப்பதால், கைபேசியில் கிரிக்கெற் பார்ப்பவனுக்கு விக்கெற் விழுந்த செய்தியை அடுத்த வீட்டுக் கூச்சல் முந்திச் சொல்லிவிடுகிறது. ஆயினும் 2023 நவம்பரில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஹொட்ஸ்ரார் வழியே ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தனர். அத்தனைக்கும் தனித்தனிப் பிரதி! இந்த விரயம் அவர்களுக்கும் உறுத்துகிறது போலும். பிரித்தானியாவின் பிரிற்றிஷ் ரெலிகொம் அதே ஆண்டில், நேரலைக்கு மல்ரிகாஸ்றைத் துணையாகக் கொள்ளும் திட்டமொன்றை அறிவித்தது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரேயொரு பிரதியை வெளியிலுள்ள சேவையொன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து நால்வருக்கும் பெருக்கியிருக்கலாம். அப்படியான சேவைகள் அப்போதே இருந்தன என்பதைச் சில மாதங்களின் பின்னரே அறிந்தேன். செத்தவீட்டு அமளியில் யார் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்? இருந்தாலும் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் விசாரித்திருக்க வேண்டும் என்றே மனம் சொல்கிறது.

அந்த இளைஞர் கிரியைகளைக் கணினியில் பதிவுசெய்தும் வைத்திருந்தார். அதை இறுவட்டில் ஏற்றி, அந்தியேட்டி முடிந்த கையோடு இலண்டனுக்குத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததாகப் பெரியண்ணா சொன்னார். பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. போன வருடம் அங்கு போயிருந்தபோது, அம்மாவின் படத்துக்குப் பின்னால் அந்த உறையைக் கண்டேன். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.