தகப்பனாரின் இசைத்தட்டுப் பெட்டி

சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்னர், திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து மர்ஹூம் தகப்பனாரின் இசைத்தட்டுப் பெட்டியை இறக்கினேன். 1985-இல் ஜித்தாவிலிருந்து திரும்பியபோது அவர் கொண்டுவந்தது. நாகூர் ஹனிபா அவர்களின் குரலை அதிலேயே மீண்டும் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் விருப்பம். தூசி துடைத்துச் சுவரில் செருகி விசையைத் தட்டினேன். உள்ளே ‘டப்’ என்றோர் ஓசை. அவ்வளவுதான், விளக்கும் எரியவில்லை, தட்டும் சுழலவில்லை.

“என்னப்பா, பாடலையா?” என்றார் அம்மா. என்னிடம் விடையில்லை.

சமண மடம் உள்ள மேல்சித்தாமூரில் தகப்பனாரின் நண்பரான நயினார் ஒருவர் இருக்கிறார். வானொலிப் பழுது பார்ப்பதில் முதிர்ந்தவர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தேறினேன்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. “இதனுடன் கனமான ஒரு கறுப்புப் பெட்டி இருந்ததே, தம்பி, அது எங்கே?” என்றுதான் முதலில் கேட்டார். பழைய இரும்புக்காரரிடம் எப்போதோ போட்டுவிட்டோம் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்.

அக்காலத்தில் சவூதி அரேபிய வீடுகளுக்கு வந்தது 127 வோல்ட், 60 சைக்கிள் மின்சாரம். நம் நாட்டிலோ 230 வோல்ட், 50 சைக்கிள். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் அந்தக் கறுப்புப் பெட்டியில் இருந்தது. அதைச் சுற்றிக் கொடுத்தவரே நயினார்தாம். குற்றம் முழுவதும் என்னுடையது.

மீட்டரின் இரு முனைகளையும் மின்செருகியில் வைத்தார், முள் அசையவில்லை. மூடியைக் கழற்றி ஃபியூஸை எடுத்துக் காட்டினார். கண்ணாடிக் குழல் கறுத்திருந்தது. அதைத் தாண்டி உள்ளே அளந்தபோது முள் எழுந்தது. “சுருள் உயிரோடு இருக்கிறது” என்றார். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றிவைக்கும் கெட்ட பழக்கம் நம்மிடையே உண்டு. தகப்பனார் அவ்வாறு செய்திருந்தால் அன்று சுருளே கருகியிருக்கும்.

புது ஃபியூஸ் போட்டதும் மின்சாரம் கொடுத்துவிடவில்லை. புதிதாய் ஒரு டிரான்ஸ்பார்மரைச் சுற்றி முடிக்கும்வரை நான்கு நாள் காத்திருக்கச் செய்தார். பிறகும் நேராக இணைக்காமல், நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் கோத்தார். உள்ளே எங்கேனும் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பிக்கும். (அத்தகைய பல்பு இப்போது கடைகளில் கிடைப்பதே அரிது, அவர் இரண்டைப் பொத்திப் பாதுகாக்கிறார்.) பல்பு ஒரு கணம் சிவந்து மங்கியது. தட்டு மெல்லச் சுழலத் தொடங்கியது.

“வேகத்தைப் பார்க்க வேண்டுமே!” என்று சுழல்தட்டைத் தூக்கினார். இவ்வகை மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்ததன்று, சைக்கிளைப் பொறுத்தது. 60-க்குச் செய்தது 50-இல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்துவிடும். அச்சிறு சக்கரத்தைப் பருமனாக்கினால்தான் சரியாகும்.

சக்கரத்தின்மேல் துணிப்பட்டை ஒன்று சுற்றியிருந்தது. காயத்துக்கு ஒட்டும் மருத்துவப் பட்டை. பழுத்து மஞ்சளாகி, சுற்றுக்குச் சுற்று விளிம்பு பிசகாமல் இருந்தது.

“நான் சுற்றியதன்று” என்றார் நயினார். “உங்கள் அத்தாவுக்கு இது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுமுன் உண்பவர் அவர். அவரை மேலும் நிறுத்திவைக்க மனமில்லாமல் விடைபெற்றேன்.

மறுநாள் இசைத்தட்டு பாடியது. பட்டை நாளடைவில் அமுங்கிவிட்டது போலும். குரல் ஒரு சிறிது தாழ்ந்தே ஒலித்தது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

“அத்தா சுற்றியதுமேல் கை வைக்காதே” என்றார் அம்மா.