'எனக்கு சயன்ஸ் ஏறாது, சேர்'

ஒருவர் தன்னைப்பற்றி மனதில் வைத்திருக்கும் படத்துக்கே தொழிலின் மூலம் உருவம் கொடுக்கிறார் என்பது, 1950களில் டொனால்ட் சூப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த கருத்து. ஆசிரியர் கலாசாலையில் 'சுய எண்ணக்கரு' என்ற தலைப்பின் கீழ் இதை மனனம் செய்தோம். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பெறுபேறு வரும் நாட்களில் அதன் பொருள் எனக்கு விளங்குகிறது.

எமது பாடசாலை 1 சி வகையைச் சேர்ந்தது. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மாத்திரமே உண்டு. விஞ்ஞானம் படிப்பதாயின் நகரத்து 1 ஏபி பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏறவேண்டும். இது கட்டடமும் ஆளணியும் சம்பந்தப்பட்ட விடயம். ஆனால், "எங்கட ஸ்கூல்ல சயன்ஸ் இல்ல" என்று சொல்லவேண்டிய பிள்ளை, "எனக்கு சயன்ஸ் ஏறாது, சேர்" என்கிறது! ஆய்வுகூடம் இல்லாத குறை, பத்தாம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளையின் மூளைக் குறையாகிவிடுகிறது.

விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் 'ஏ' சித்தி பெற்ற மாணவி ஒருத்தியும் இவ்வருடம் இதையே சொன்னாள். பெறுபேற்றைக் காட்டினேன். "அது பாடமாக்கி எழுதினது, சேர்" என்றாள். (குறைந்த புள்ளி வந்தால் மட்டும் அது சொந்தத் தகுதியாம்!)

பையன்களின் கதை வேறு. வாப்பாவின் முச்சக்கர வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் தன்னைப் 'படிப்பு வராதவன்' என்கிறான். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அது 'ஏலாதவங்கட' பிரிவாம்; அவனுக்குக் கட்டார்தான் தெரிகிறது. தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளில் துண்டுப் பிரசுரங்களுக்குக் குறைவில்லை. பாதித் தொழில்களை முன்கூட்டியே வெட்டிவிட்ட பிள்ளைக்கு அந்தப் பட்டியல் எதற்கு?

மாணவியின் வாப்பாவைக் கண்டு கதைத்தேன். தூரத்தைச் சொல்வார், பொம்புளப் புள்ள என்பார் என எதிர்பார்த்தே போனேன். "அனுப்ப எனக்குப் பயமில்ல சேர். புள்ளதான் ஏலா எண்டுது" என்றார்.

படிவம் ஒப்படைக்க இன்னும் நான்கு நாட்கள் உள்ளன. அவளது பழைய விஞ்ஞானக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். இலையில் மாப்பொருள் உண்டா என்று வீட்டில் தானாகவே பரிசோதித்திருக்கிறாள். ஜாம் போத்தல், ஸ்பிரிட், பாமசியில் வாங்கிய அயடீன். நிறம் மாறவில்லை. அதன்கீழே பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'இலையை முதலில் அவிக்காததால் இருக்கலாம். மீண்டும் செய்ய வேண்டும்.'

நாளை அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டப்போகிறேன்.