அரை இன்ச்சுக்கு என்ன விலை?

'புல்லட்'னு பார்த்ததும் ராயல் என்ஃபீல்டு பதிவுன்னு ஆசையா வந்தவங்க மன்னிக்கணும். இது நிஜமாவே துப்பாக்கியில் போடுற புல்லட் பற்றியது :-)

நான் இருக்கிற ஒஹாயோவில் துப்பாக்கி சுடுதல் என்பது நம்மூர் கேரம் கிளப் மாதிரி சாதாரண விஷயம். ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907-ல் முதல்முறையாக தேசியப் போட்டி நடந்தது. இன்னிக்கும் கோடை வந்தால் அங்கே பிஸ்டல் போட்டிகள் உண்டு. நான் சுடுவது அந்த வகைதான். 'புல்ஸ்ஐ' என்று பெயர். ஒற்றைக் கையில் பிஸ்டலைப் பிடித்து, 50 கெஜத்தில் பத்து நிமிஷத்தில் பத்துக் குண்டு. அப்புறம் 25 கெஜத்தில் வேகமாக. ஆள் உருவம் எல்லாம் கிடையாது, வட்டம் போட்ட காகிதம்தான்.

இந்த விளையாட்டில் குண்டு ஏகத்துக்கும் செலவாகும். முழுப் போட்டி ஒன்றுக்கு 270 குண்டு. கடைத் தோட்டா வாங்கினால் கட்டுப்படி ஆகாது. அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புது பிரைமர் வைத்து, மருந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி, நாமே தோட்டா செய்துக்கலாம். இதற்குப் பெயர் ஹேண்ட்லோடிங். நாம் பொதுவா தோட்டான்னு சொல்றது இந்த நாலும் சேர்ந்தது. புல்லட் என்பது அதன் முனையில் இருக்கும் குண்டு மட்டும்தான். அந்தக் குண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய மேட்டர்.

முதலில் வடிவம். சினிமாவில் பார்க்கிற மொழுக்கை மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழிக்கும், ஆனால் சுத்தமாக வெட்டாது. ஓட்டையின் விளிம்பு வட்டக்கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண் கொடுக்கிற ஆட்டத்தில் அது நஷ்டம். அதனால் 'வாட்கட்டர்' என்று தட்டை மூக்கு வைத்த குண்டு. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும். .38 ஸ்பெஷலுக்கு இதுதான் ராஜா. .45-க்கு, மேகஸினிலிருந்து ஒழுங்காக ஏறணும் என்பதற்காக, கூம்பு மூக்கும் அதற்குக் கீழே கூரான தோளும் வைத்த 'செமி வாட்கட்டர்'.

அடுத்தது எடை. இங்கே கணக்கு கிராமில் இல்லை, 'கிரெய்ன்'. தானிய மணியை வைத்து வந்த அளவு. நம்மூர் ஆசாரி குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். .45-ன் ராணுவக் குண்டு 230 கிரெய்ன். நாங்கள் பெரும்பாலும் போடுவது 200 அல்லது 185. 200 என்றால் 13 கிராம், ஒன்றரைப் பவுன் தங்கத்துக்குக் கொஞ்சம் மேல். எடை குறைந்து வேகமும் மட்டாக இருந்தால் உதை குறையும். ஒற்றைக் கையால் பத்து விநாடியில் ஐந்து குண்டு சுடுகிறவனுக்கு அதன் அருமை தெரியும். காகிதத்தைத் துளைக்க வேகம் எதுக்கு?

மூன்றாவது அளவு. உறை போட்ட குண்டு .45-க்கு 0.451 இன்ச், வெறும் ஈயம் 0.452. இந்த ஒரு நூல் வித்தியாசத்தில் விஷயம் இருக்கு. குண்டு குழலுக்குச் சிறுத்துப் போனால், சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கி, குழலுக்குள் பூசிவிடும். அப்புறம் எதுவும் நேராகப் போகாது. கெட்டி ஈயம் நல்லதுன்னு தோணும், ஆனால் மெதுவாகப் போகும் குண்டுக்கு மெத்தென்ற ஈயமே மேல். வாயு அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும்.

மூக்கு நசுங்கினால்கூட பரவாயில்லை, அடிப்பாகம் நசுங்கக் கூடாது. குழலை விட்டு கடைசியாக வெளியே வருவது அதுதான். அது கோணலாக இருந்தால் வாயு ஒரு பக்கம் முந்தித் தள்ளி, குண்டைத் திசை மாற்றிவிடும்.

நிற்க. இதுவரை சொன்னது எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். என் வீட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது.

"அந்தக் கையோடதானேங்க பாப்பாவைத் தூக்குவீங்க?"

முதல் பெட்டி குண்டு வாங்குவதற்கு முன்னாலேயே மனைவி கேட்டது. பாப்பாவுக்கு அப்போ ஒன்றரை வயசு. கண்டதை வாயில் வைக்கும் பருவம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம், அதாவது தகரம். அதில் பயமில்லை. இது காரீயம். குழந்தைகளின் ரத்தத்தில் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவை 2021-ல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5-ஆக இறக்கியது.

அதனால் ரெண்டு வகையைப் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தேன். ஒன்று, பழைய ஆட்கள் சத்தியம் பண்ணுகிற, அச்சில் அழுத்திய வெறும் ஈயம். இன்னொன்று, மேலே பாலிமர் பூச்சு போட்ட ஈயம். ரெண்டுமே 200 கிரெய்ன். கிளப்பில் இருக்கும் இரும்புத் தாங்கியில் பிஸ்டலைப் பூட்டி, 50 கெஜத்தில் பத்துப் பத்தாகச் சுட்டோம். மூன்று குண்டில் எவனும் சாம்பியன், பத்துக் குண்டில்தான் உண்மை தெரியும். வெறும் ஈயம் ரெண்டரை இன்ச்சுக்குள் கொத்தாக விழுந்தது. பூச்சுக் குண்டு மூன்று இன்ச்.

கூட இருந்த பெரியவர், நாற்பது வருஷமாகச் சுடுகிறவர், உதட்டைப் பிதுக்கினார். "அரை இன்ச் போச்சே."

பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 3.36 இன்ச். ரெண்டுமே அதற்குள் அடங்கும். சரி, அதே பிஸ்டலை என் கையில் கொடுத்தால்? எட்டு இன்ச் :-( அதாவது குண்டு செய்யும் வித்தியாசம் அரை இன்ச், என் மணிக்கட்டும் விரலும் செய்வது ஐந்து இன்ச். அந்த அரை இன்ச்சை வாங்க நான் என்ன விலை கொடுக்கணும்னு யோசித்தேன். முடிவு எடுக்க ரொம்ப நேரம் ஆகலை.

பூச்சுக் குண்டு வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்லணும். பிரைமரிலேயே ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கூடுகளை உலர்ந்த உமியில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசிதான் வில்லன். அதனால் எனக்குத் தண்ணீரில் அலசுவதுதான். கராஜுக்கு ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு. கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வீட்டுக் கதவைத் தொடுவது.

நல்ல குண்டு எதுன்னு கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன். உங்க குழலை அளந்து பாருங்க, தாங்கியில் வைத்துச் சுட்டுப் பாருங்க, அப்புறம் உங்க கையில் சுட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் பயிற்சி செய்ய வேண்டியது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. என் எட்டு இன்ச் இப்போ ஆறரை. குண்டு அதேதான்.

டிஸ்கி: குண்டை மாற்றினால் மருந்தின் அளவும் மாறும். அந்தக் குண்டுக்கென்று கையேட்டில் போட்டிருக்கும் ஆரம்ப அளவிலிருந்துதான் மறுபடி தொடங்கணும், பழைய அளவை அப்படியே போடக் கூடாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆர்வக்கோளாறில் யாரும் இறங்கிடாதீங்க சாமி!