இறக்கத்துக்கு இரண்டு விரல்

கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் படும் பாடு எல்லோர் காதிலும் விழும். இறங்கும்போது பிரேக் படும் பாடு, கருகல் வாடை வந்த பிறகுதான் தெரியும். ஆட்டோமேட்டிக் காரில் வருகிறவர்களுக்கு அந்த வாடை கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. ‘டி’யில் போட்டால் மற்றதைக் கார் பார்த்துக்கொள்ளும் என்று ஊருக்குள் பழகிய கால், மலையிலும் பிரேக்கை விட்டு எழுவதில்லை.

‘டி’யின் குணம் அப்படி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மேல் கியருக்குப் போகப் பார்க்கும். சமதளத்தில் அதனால் பெட்ரோல் மிச்சம். சரிவிலோ வண்டியை இழுத்துப் பிடிக்க எஞ்சினுக்கு வாய்ப்பில்லாமல் போய், பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். சரிவை உணர்ந்து தாமே கியரைக் குறைக்கும் கார்களும் உண்டுதான். எல்லாக் காருக்கும் அந்தப் புத்தி இல்லை.

மலை ரூட் டிரைவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஏறின கியரிலேயே இறங்கு. கிளட்ச் இல்லாத காரில் அதைச் செய்ய உதவுபவை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறு தகடுகள், அதாவது பேடில் ஷிஃப்டர்கள். வலப்பக்கம் கூட்டல், இடப்பக்கம் கழித்தல். இடது விரலால் ஒருமுறை இழுத்தால் மூன்றாம் கியர் இரண்டாகும், எஞ்சின் உறுமும். புதியவர்கள் எதையோ உடைத்துவிட்டோமோ என்று பதறுவார்கள். உடையாது. எஞ்சின் தாங்காத வேகத்தில் கியரைக் குறைக்கச் சொன்னால் கம்ப்யூட்டரே மறுத்துவிடும். ‘டி’யில் இருந்தபடி இழுத்தால் பல கார்கள் சற்று நேரத்தில் பழையபடி தானியங்கிக்குத் திரும்பிவிடும். நீண்ட இறக்கத்துக்கு ‘எஸ்’ அல்லது ‘எம்’ மோடுதான் சரி.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி இறக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கணக்கு தலைகீழ். கியரில் இறங்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் இன்ஜெக்டர்கள் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருப்பதற்கே பெட்ரோல் செலவாகும்.

இத்தனைக்கும் இந்தத் தகடுகள் பிறந்தது வேகத்துக்காக. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 பந்தயக் கார், 1989 பிரேசில் கிராண்ட் பிரியில் இவற்றோடு முதன்முதலாகக் களமிறங்கியது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பதுதான் லாபம். கியர்பாக்ஸ் பந்தயம் முடியும்வரை தாங்கும் என்று பலர் நம்பவில்லை. நடுவில் ஸ்டியரிங்கையே கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் அதை ஓட்டிய நைஜல் மான்செல் ஜெயித்தார். 1997-ல் எஃப்355 கார் வழியாக ஃபெராரி இந்த ஏற்பாட்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது.

பின்னர் அது ஹோண்டா சிட்டி போன்ற குடும்பக் கார்களுக்கும் வந்தது. சிட்டியின் சிவிடி கியர்பாக்ஸில் படிப்படியாக மாற்றும் பல்சக்கர கியர்கள் கிடையாது, பெல்ட்டும் புல்லியும்தான். தகடுகள் காட்டும் 7 கியர்களும் மென்பொருளின் பாவனை. ஆனாலும் இறக்கத்தில் அந்தப் பாவனை கியர் வண்டியை நிஜமாகவே பிடித்து இழுக்கிறது.

2019-ல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக்கில் மாற்றுவதற்குக் கியர் இல்லை, தகடுகள் மட்டும் இருந்தன. இடதை இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியை மட்டுப்படுத்தும். சரிவில் இறங்கும் வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகும். மலை உச்சியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த மின்சாரத்துக்கு இடம் இருக்காது, பிடிப்பும் குறைந்துவிடும். மேலே தங்குகிறவர்கள் பேட்டரி நிரம்புவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.